பதிவேட்டில் ஆறு மணி

அலெக்சாந்திரியா,
செப்டம்பர் 19

மரியாதைக்குரிய ராகிப் அண்ணனுக்கு,

தம்பி லுத்ஃபியின் சலாம். இங்கே நானும் தஃபீதாவும் நலம். கடற்காற்றில் ஈரம் ஏறினால் மட்டும் அவளுக்கு முழங்கால் வலிக்கிறது. உங்கள் இருமல் குறைந்ததா? அண்ணி காலமான பிறகு மூன்று வேளையும் அவரைக்கூழும் ரொட்டியும்தானா என்று தஃபீதா கேட்கச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் தேதி ஜனாதிபதி உங்கள் ஊர் மதகுப் பாலத்தைக் கடந்துபோனார். அதற்காகப் பாலத்தின் இரும்புக் கதவை மூடினார்கள். பிரசவ வலியில் கிடந்த வஹீபா என்ற பெண்ணை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் உயிர் போய்விட்டது. குழந்தையும் பிழைக்கவில்லை. இப்போது அரசுப் பத்திரிகை சொல்கிறது: பாலம் ஆறு மணிக்கே திறந்துவிட்டதாம். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஏழு இருபதுக்கு. பாலத்திலிருந்து இருபது நிமிடப் பயணம். மீதி ஒரு மணி நேரம் ஓட்டுநர் பயூமி எங்கோ டீ குடித்துக்கொண்டிருந்தானாம். அவன்மேல் வழக்கு.

எங்கள் கட்சிப் பத்திரிகையில் நான் எழுதிவிட்டேன். பாலம் திறந்தது ஏழு மணிக்கு, அதுவரை ஜனாதிபதி அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்று. காப்பிக்கடையில் ஆளுங்கட்சிக்கார வலை வியாபாரி ஹிலால் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்ப்பா லுத்ஃபி, நீ அங்க நின்னு பாத்தியா?"

"எங்க அண்ணன் பாத்தாரு. அந்தக் கதவுச் சாவியே அவர்கிட்டதான்."

"அப்போ அவர் எழுதட்டும். நீ எதுக்கு இங்க உக்காந்து எழுதறே?"

கடை முழுக்கச் சிரிப்பு. அதனால் கேட்கிறேன். கதவு எத்தனை மணிக்குத் திறந்தது? நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். ஹிலாலின் வாயையும் அடைக்கலாம், பயூமியையும் காப்பாற்றலாம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
லுத்ஃபி

*

கஃப்ர் துவைர், மதகுப் பாலம்,
செப்டம்பர் 28

அன்புத் தம்பி லுத்ஃபிக்கு,

உனக்கும் தஃபீதாவுக்கும் இறைவன் நல்ல சுகம் தரட்டும். இருமல் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், வாரம் ஒருநாள் மீன் வாங்குகிறேன். ஆற்றில் நீர் இந்த வாரம் நான்கு விரற்கடை இறங்கியிருக்கிறது.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஜனாதிபதியின் வண்டிகள் மாலை நான்கு நாற்பதுக்குப் பாலத்தில் ஏறின. அவர் இறங்கி ஏழு நிமிடம் நின்றார். புகைப்படக்காரர் ஒருவர் இருந்தார், அது உண்மை. என்னைப் பார்த்து, "இங்கே ஆழம் எவ்வளவு?" என்று கேட்டார். நான் சொன்னேன். "முப்பத்தொரு வருஷமா இதையே பாக்கறீங்களா? உங்களைப் போல ஆளுங்களாலதான் நாடு நிக்குது" என்றார். பிறகு போய்விட்டார். அதே வழியில் திரும்பக்கூடும் என்று ஆறு மணிவரை மூடிவைக்கும்படி எழுத்தில் உத்தரவு இருந்தது. அவர் வேறு வழியில் திரும்பினார்.

ஏழு மணிவரை அவர் பாலத்தில் நின்றார் என்று நீ எழுதியது சரியல்ல, லுத்ஃபி. உனக்கு அவரைப் பிடிக்காது என்பதற்காக ஏழு நிமிடத்தை இரண்டு மணி நேரமாக்கக் கூடாது.

கதவைப் பற்றிக் கேட்டாய். நீர்மட்டமும் கதவு நேரமும் குறிக்கும் பதிவேட்டில் ஆறு மணி என்று இருக்கிறது.

தஃபீதாவின் முழங்காலுக்கு வெந்தய ஒத்தடம் கொடுத்துப் பார்.

உன் நலம் நாடும் அண்ணன்,
ராகிப்

*

அலெக்சாந்திரியா,
அக்டோபர் 5

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

சலாம். நாங்கள் சுகம். வெந்தயம் வீட்டையே நாறடித்துவிட்டது, ஆனால் வலி குறைந்திருக்கிறது என்கிறாள்.

கோபிக்காமல் படியுங்கள். ஜனாதிபதி உங்களிடம் இரண்டு வார்த்தை பேசினார், நீங்கள் உருகிவிட்டீர்கள். உங்கள் வீட்டு வானொலிக்கு மேலே அவர் படம் எத்தனை வருடமாகத் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாதா? அண்ணி அதைத் துடைக்கும்போதெல்லாம் நான் முணுமுணுப்பேன், அவர் சிரிப்பார். சரி, ஏழு நிமிடம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது பதிவேட்டை அல்ல, உங்களை. கதவு திறந்தது ஆறா, ஏழா?

பயூமி எங்கள் கட்சி அலுவலகத்துக்கு வந்திருந்தான். குரல் உயராத மனிதன். ஒரு மணி நேரம் கதவுக்கு முன்னால் நின்றேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வேறு சிலதும் சொன்னான், அதெல்லாம் வழக்குக்கு உதவாது என்று வக்கீல் தள்ளிவிட்டார்.

உங்களுக்குப் பயம் என்றால் சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். அறுபத்து மூன்று வயதில் வருடா வருடம் வேலை நீட்டிப்புக்குக் காத்திருக்கும் மனிதர் நீங்கள்.

என்றும் உங்கள்,
லுத்ஃபி

*

கஃப்ர் துவைர்,
அக்டோபர் 24

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தூக்கம் சரியில்லை, கொஞ்சம் காய்ச்சலும் இருந்தது, இப்போது இல்லை.

மாவட்டத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து பதிவேட்டின் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அது அரசுப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. நீ பார்த்திருப்பாய். "முப்பத்தொரு ஆண்டுகளில் ஓர் அடித்தல்கூட இல்லாத பதிவேடு" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. அடுத்த வருடத்துக்கும் என் வேலையை நீட்டித்துவிட்டார்கள்.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த ஓட்டுநரைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

நீர் மேலும் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. குளிருக்கு முன் தஃபீதாவுக்குக் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடு.

அண்ணன்,
ராகிப்

*

அலெக்சாந்திரியா,
நவம்பர் 3

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

காய்ச்சல் என்று எழுதினீர்கள், கவலையாக இருக்கிறது. ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்திரிகையைப் பார்த்தேன். உங்கள் ஆறு என்ற எண்ணை எனக்குத் தெரியாதா? என்னை எழுதப் பழக்கியதே அந்தக் கைதானே. ஒரு வாரம் யோசித்தேன். பிறகு போன வியாழக்கிழமை, எங்கள் பத்திரிகையிலேயே வருத்தம் தெரிவித்து எழுதிவிட்டேன். "பாலம் ஏழு மணிக்குத் திறந்தது என்று நான் எழுதியது தவறு. என் அண்ணனின் பதிவேடு சொல்வதை நான் மறுக்க முடியாது" என்று.

காப்பிக்கடையில் என் கட்சிக்காரர்களே பேசவில்லை. ஹிலால் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என்னப்பா, அண்ணன் காத திருகிட்டாரா?" என்றான். பிறகு அவனுக்கே என்னவோ போல ஆகியிருக்க வேண்டும். "பரவால்ல, தப்ப ஒத்துக்கிட்ட முதல் ஆளு நீதான், உங்க பக்கத்துலயும் சரி, எங்க பக்கத்துலயும் சரி" என்று டாமினோ காய்களைக் கொட்டினான்.

பயூமிக்காகச் சாட்சி சொல்வதாக இருந்த இரண்டு கிராமத்தாரும் என் குறிப்பைப் படித்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். "எழுதினவரே இல்லைங்கறாரு, நாங்க எதுக்கு?" என்றார்களாம். வழக்கு இருபத்திரண்டாம் தேதி. அவன் பொய் சொன்னான் என்பதை இன்னும் என் மனம் ஏற்கவில்லை. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை என்றால் நீங்கள்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். அது நடக்காது.

உங்கள் தம்பி,
லுத்ஃபி

*

கஃப்ர் துவைர்,
நவம்பர் 11

அன்புத் தம்பிக்கு,

உடம்பு தேவலை. நீ அப்படி அவசரப்பட்டு எழுதியிருக்க வேண்டாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கொய்யா நன்றாக விளைந்திருக்கிறது. ஒரு கூடை ரயிலில் அனுப்புகிறேன்.

வழக்கில் என்ன ஆயிற்று என்று எழுது.

ராகிப்

*

அலெக்சாந்திரியா,
நவம்பர் 26

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

கொய்யா கிடைத்தது. தஃபீதா துவா செய்கிறாள்.

பயூமிக்கு ஒரு வருடம். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. உங்கள் பதிவேட்டை நீதிபதி சத்தமாகப் படித்தார். பிறகு என்னுடைய வருத்தக் குறிப்பையும் படித்தார். அதைச் சாட்சியாக வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே படிக்கட்டில் அவன் மனைவி சனிய்யா நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன். "நீங்கதானே முதல்ல எழுதினவரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ரெண்டாவது எழுதினவரும் நீங்கதானா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

லுத்ஃபி

*

கஃப்ர் துவைர்,
ஜனவரி 14

அன்புத் தம்பி லுத்ஃபிக்கு,

உனக்கும் தஃபீதாவுக்கும் சலாம். உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் படித்துப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டப்போகிறேன். படித்தால் அனுப்பமாட்டேன்.

கதவைத் திறந்தது ஏழு மணிக்கு.

நான் நீர்மட்டம் குறிக்கும் அளவறையில் இருக்கும் சுவர்க்கடிகாரத்தைக் கோடை நேரத்துக்கு மாற்றுவதில்லை. வருடம் முழுக்க ஒரே நேரத்தில் நீர்மட்டம் பார்த்தால்தான் போன வருடத்தோடு ஒப்பிடலாம் என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவைத்தார், நானும் அப்படியே செய்துவந்தேன். அதனால் மே மாதத்திலிருந்து செப்டம்பர் கடைசிவரை அது ஊர்க் கடிகாரங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். ஊர்க்காரியம் எதுவானாலும் மனதுக்குள் ஒன்று கூட்டிக்கொள்வேன். முப்பத்தொரு வருடம் கூட்டினேன். அன்று கூட்டவில்லை.

காவல் அதிகாரி என்னிடம் உத்தரவைக் கொடுத்து, "ஒரு நிமிஷம் முன்னால திறந்தாலும் உங்களுக்கு வேலை இல்ல, பெரியவரே" என்று சொல்லிவிட்டு, வாசலில் ஒரே ஒரு காவலரை நிறுத்திவிட்டு விருந்துக்குப் போனார். நான் நாற்காலியைக் கடிகாரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். ஜனாதிபதி சொன்ன இரண்டு வார்த்தையும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஓட்டுநர் ஓடிவந்தார்.

"ஹாஜி, கதவத் திறங்க. உள்ள ஒரு பொம்பள கெடக்கா."

"ஆறு மணிக்குத்தான் உத்தரவு."

"ஆறு ஆயிடுச்சு ஹாஜி."

நான் சுவரைக் காட்டினேன். ஐந்து அடித்து ஒரு நிமிடம்.

"உங்க கடிகாரம் தப்பா ஓடுது."

"முப்பத்தொரு வருஷமா தப்பா ஓடல" என்றேன்.

அவர் காவலரிடம் போனார். காவலர், சாவி பெரியவரிடம் இருக்கிறது என்றார். திரும்பவும் என்னிடம் வந்தார். மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஆறு அடித்ததும் திறந்தேன், ஆறு என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வீட்டுக் கடிகாரத்தில் எட்டைத் தொடப் பத்து நிமிடம் இருந்தது. அப்போதுதான் ஒன்று கூட்டாமல் விட்டது உறைத்தது.

மறுநாள் காலையில் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பதிவேட்டில் பொய் ஒன்றும் இல்லை, அந்த அறைக்கு அது ஆறு மணிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் பயம். அப்புறம் பத்திரிகையில் வந்த பாராட்டு. அதற்கும் மேலே, உங்கள் பக்கம் தோற்கிறதே என்று ஒரு சின்னத் திருப்தி. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

ராகிப்

*

அலெக்சாந்திரியா,
பிப்ரவரி 9

அண்ணா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

பயூமி எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் நாளே சொன்னான். "அந்த ஹாஜி அறையில இருக்கற கடிகாரம் ஒரு மணி பின்னால ஓடுது சார்." வக்கீல், "கடிகாரம் தப்புன்னா ஜனாதிபதிமேல தப்பில்லன்னு ஆயிடும். அத விட்டுடு" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அவன் வேறு சிலதும் சொன்னான் என்று உங்களுக்கு எழுதினேனே, அது இதுதான். விவரமாக எழுதியிருந்தால் நீங்கள் அன்றே சொல்லியிருப்பீர்களோ என்னவோ. ஏன் எழுதவில்லை? கட்சிக்காகவா, அல்லது உங்கள் கடிகாரம் தவறாக ஓடாது என்று நம்பினேனா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்ன ஒருவனை உங்களோடு எடைபோட்டு, அவனை விட்டுவிட்டேன்.

பத்திரிகை ஆசிரியரிடம் உங்கள் இந்தக் கடிதத்தையும் முதல் கடிதத்தையும் காட்டினேன். "இதப் போட்டா அரசாங்கம் உங்க அண்ணன வாங்கிட்டதா சொல்வாங்க. போதாததுக்கு ஏழு நிமிஷம்னு வேற வாய்விட்டிருக்காரு. ஏழு நிமிஷத்த நம்ம பத்திரிகையில எவன் போடுவான்?" என்றார்.

மேல்முறையீடு ஏப்ரலில் வருகிறது. நீங்கள் நேரில் வர வேண்டும்.

லுத்ஃபி

*

கஃப்ர் துவைர்,
ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

நீ காய்ச்சலாகக் கிடந்ததால் வர முடியவில்லை என்று தஃபீதா தந்தி கொடுத்திருந்தாள். இப்போது எப்படி இருக்கிறாய்? நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்திருந்தேன், படிக்கக் கூடாது என்றார்கள். வாயால் சொன்னேன். அரசு வக்கீல் கேட்டார்: "உங்க தம்பி எதிர்க்கட்சிதானே? போன வருஷம் அவர் மாத்தி எழுதினாரு, இப்போ நீங்க மாத்திச் சொல்றீங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் முறை போட்டுக்கிட்டீங்களா?" கூடத்தில் சிரித்தார்கள். உங்கள் வக்கீல் எழுந்தார். "ஜனாதிபதி எவ்வளவு நேரம் பாலத்துல நின்னாரு?" ஏழு நிமிடம் என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." ஏழு நிமிடம்தான் என்றேன். அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடிகாரத்தைப் பார்க்க நீதிமன்றம் ஓர் ஆளை அனுப்பியது. இது ஏப்ரல். கோடை நேரம் இன்னும் தொடங்கவில்லை. அவர் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று கெஞ்சினேன். கடிகாரத்தை மாற்றக் கூடாது என்று விதி உண்டா என்று துறையைக் கேட்டார்கள். எழுத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. இல்லைதான். வாயால் சொல்லி வந்த வழக்கம் அது.

வயதான சாட்சியின் நினைவைவிட அவரே அன்று எழுதிய பதிவேடு நம்பகமானது என்று நீதிபதி சொன்னார். தண்டனை அப்படியே நின்றது. நான் எழுதியதை நம்பினார்கள், லுத்ஃபி. நான் சொன்னதை நம்பவில்லை.

பயூமி கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வேலை நீட்டிப்பை ரத்து செய்துவிட்டார்கள். சாவியை ஒப்படைத்துவிட்டேன்.

ராகிப்

*

அலெக்சாந்திரியா,
ஜூன் 17

மரியாதைக்குரிய ராகிப் அண்ணனுக்கு,

சலாம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? வேலை இல்லாத நாட்களை எப்படிக் கழிக்கிறீர்கள்? நான் தேறிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் காப்பிக்கடையில் எல்லோர் முன்னாலும் படித்தேன். என் கட்சிக்காரர்கள், ராகிப் விலைபோய்விட்டார் என்றார்கள். ஹிலாலின் ஆட்கள், லுத்ஃபி அண்ணனைக் கெடுத்துவிட்டான் என்றார்கள். ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போனதை இந்த ஊரில் முதல்முறையாகப் பார்த்தேன். கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஹிலாலும் இப்போது வேறு மேசையில் உட்காருகிறான்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆனாலும் தஃபீதா உங்களுக்காக மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாள். வாருங்கள்.

உங்கள் தம்பி,
லுத்ஃபி

*

கஃப்ர் துவைர்,
செப்டம்பர் 20

அன்புத் தம்பி லுத்ஃபிக்கு,

நீயும் தஃபீதாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இருமல் இருக்கிறது, நடமாட்டத்துக்குக் குறைவில்லை. உன் அழைப்புக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு.

தண்டனையில் முக்கால் பங்கு முடிந்ததால் பயூமி ஆகஸ்டிலேயே விடுதலையானார். ஓட்டுநர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை போட்டிருக்கிறார், சனிய்யா பாத்திரம் கழுவுகிறாள். பத்து நாள் எதிர்ப் பக்க நடைபாதையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். போன திங்கட்கிழமை உள்ளே போனேன்.

நான்கைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். வஹீபா இறந்து ஒரு வருடம் ஆகிறதல்லவா. ஒருவர், "ஜனாதிபதி ரெண்டு மணி நேரம் பாலத்துல உக்காந்து மீன் புடிச்சாருய்யா" என்றார். இன்னொருவர், "போய்யா, ஆறு மணிக்கே தொறந்தாச்சு. பதிவேடே இருக்கு. ஓட்டுநர்தான் எங்கயோ படுத்துத் தூங்கிட்டான்" என்றார். அந்த ஓட்டுநர்தான் தங்களுக்கு டீ ஊற்றுகிறார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பயூமி இரண்டு பேருக்கும் ஊற்றினார்.

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. "கதவு ஏழு மணிக்குத் திறந்தது. ஜனாதிபதி ஏழு நிமிஷம்தான் நின்னாரு. ஓட்டுநர் ஒரு மணி நேரம் கதவுகிட்ட நின்னு கெஞ்சினாரு. சாவி என்கிட்ட இருந்தது. தப்பு என்னோடது" என்றேன்.

முதலில் பேசியவர் சிரித்தார். "உக்காருங்க ஹாஜி. உங்கள எந்தக் கட்சி அனுப்பிச்சது?" இன்னொருவர், "ரெண்டு பக்கமும் காசு வாங்கிட்டாரு போல" என்றார். திரும்பவும் மீன் பிடித்த கதைக்கே போய்விட்டார்கள்.

பயூமி என் முன்னால் ஒரு டீயை வைத்தார். நான் கேட்கவில்லை. "சர்க்கரை எவ்வளவு?" என்றார். ஒன்று என்றேன். போட்டுக் கலக்கிவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு தினமும் போகிறேன். தினமும் யாராவது அந்தப் பேச்சை எடுக்கிறார்கள், தினமும் எழுந்து சொல்கிறேன், சிரிக்கிறார்கள். நேற்று நான் எழுந்தபோது சனிய்யா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் இப்போது அலெக்சாந்திரியாவுக்கு வர முடியாது. தஃபீதாவிடம் சொல், மாடி அறையில் தூசி படிந்தால் படியட்டும். உன்னால் முடிந்தால் நீ ஒருமுறை இங்கே வா. இப்போதைக்கு நான் தனியாகத்தான் எழுந்து நிற்கிறேன்.

உன் அண்ணன்,
ராகிப்